அணை வேலை முடிந்த பிறகும் போல்டர் சிட்டி ஏன் காலியாகவில்லை?

சேலத்தில் சிவில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "அமெரிக்காவில் ஹூவர் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காகப் பாலைவனத்தில் போல்டர் சிட்டி என்று ஒரு ஊரையே கட்டினார்களாம். வேலை முடிந்த பிறகு அந்த ஊர் ஏன் காலியாகவில்லை? நம்ம மேட்டூரோடு ஒப்பிட்டு ப்ராஜெக்ட் செய்யலாமா?"

தாராளமாகச் செய்யலாம் தம்பி. நான் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து மேட்டூரிலேயே ஓய்வு பெற்றவன், மகன் இருப்பது நெவாடாவில் ஹெண்டர்சனில், அங்கிருந்து போல்டர் சிட்டி கார் எடுத்தால் கொஞ்ச நேரம்தான், அதனால் அங்கே போகும்போதெல்லாம் அந்த ஊரைச் சுற்றி வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், அந்த ஊர் நின்றதற்கு முக்கியக் காரணம் நிலம் தனியார் கைக்குப் போகாமல் பொதுக் கையில் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிவைத்தால் ப்ராஜெக்ட்டுக்குப் போதாது, அந்த ஊர் எப்படிப் பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் காலத்தைப் பாருங்கள். மேட்டூர் வேலை 1925இல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21 அன்று அணை திறக்கப்பட்டது. ஹூவர் அணைக்கான சட்டம் 1928 டிசம்பரில் வந்தது, வேலை 1931இல் தொடங்கியது, 1935 செப்டம்பர் 30 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் வந்து திறந்து வைத்தார். ஆக, நம்ம அணையும் அந்த அணையும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் எழும்பியவை. அளவில்தான் சம்பந்தமே இல்லை. மேட்டூர் 1,700 மீட்டர் நீளம், ஹூவர் வெறும் 379 மீட்டர், ஆனால் உயரம் 221 மீட்டர். நம்ம அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரி நிரம்பினால் ஆயிரம் டி.எம்.சி.க்கு மேல். அகலமான பள்ளத்தாக்கில் ஓடும் காவிரிக்கு ஒரு மாதிரி அணை, செங்குத்தான பாறை இடுக்கில் ஓடும் கொலராடோவுக்கு வேறு மாதிரி அணை, இது உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள்.

சரி, ஊருக்கு வருவோம். 1930இல் அங்கே பக்கத்தில் இருந்த ஒரே ஊர் லாஸ் வேகாஸ், சுமார் 5,000 பேர் வாழ்ந்த ரயில்வே ஊர். அப்போது அமெரிக்கா முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். அணை வருகிறது என்ற செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கில் ஜனம் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிட்டது. திட்டப்படி பார்த்தால் முதலில் ஊரைக் கட்டி, ஆட்களைக் குடியேற்றி, அதன் பிறகுதான் அணை வேலையைத் தொடங்க வேண்டும். ஆனால் ஜனங்களுக்குச் சீக்கிரம் வேலை கொடுத்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அழுத்தம், அதனால் வேலை முன்கூட்டியே தொடங்கிவிட்டது. வீடுகள் தயாராகவில்லை. வந்தவர்கள் ஆற்றோரமாக மணலில் கூடாரம், தகரம், அட்டைப்பெட்டி, பழைய துணி என்று கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். அதற்கு ராக்டவுன் என்று பெயர் வந்தது, கந்தல் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1931 கோடை அங்கே மிகக் கொடுமையாக இருந்தது. நிழலிலேயே 48 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது. மேட்டூரில் மே மாதம் பாறைச் சூட்டில் நின்று வேலை பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் புரியும், இருந்தாலும் நமக்கு 40, 41 வந்தாலே தாங்க முடியாது என்கிறோம். அங்கே ராத்திரியிலும் பாறை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். குடிக்க வேண்டியது ஆற்றுத் தண்ணீர், அதுவும் கலங்கிய செம்மண் தண்ணீர், வாளியில் பிடித்து வைத்து வண்டல் அடியில் படிந்த பிறகு மேலாக மொண்டு குடிக்க வேண்டும். எர்மா காட்பி என்ற பெண்மணி கைக்குழந்தையோடு அங்கே வந்து சேர்ந்தவர். குழந்தைகள் தூங்குவதற்காகத் துணியை ஆற்றுத் தண்ணீரில் நனைத்து அவர்களைச் சுற்றி வைத்ததைப் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். அந்த ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை ஒரே மாதத்தில் அணை வேலைக்காரர்களில் 16 பேர் வெப்பத்தால் செத்தார்கள். இது வேலையாட்கள் கணக்கு, குடிசைகளில் இருந்த பெண்கள் குழந்தைகள் கணக்கு தனி.

ஆகஸ்டில் வேலைநிறுத்தம் வெடித்தது. சுரங்கத்தில் கல் அள்ளுபவர்களின் கூலியைக் குறைத்ததுதான் உடனடிக் காரணம், ஆனால் கோரிக்கைகளைப் படித்தால் வயிறு எரியும்: சுத்தமான தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், ஒழுங்கான கழிப்பறை. மேற்பார்வைப் பொறியாளர் ஃபிராங்க் குரோ ஒன்றையும் ஏற்கவில்லை. சில நாட்களில் நிறுத்தம் தோற்றது, வேண்டியவர்களை மட்டும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். தோற்ற போராட்டம்தான், ஆனாலும் அதற்குப் பிறகு ஊர் கட்டும் வேலை வேகம் பிடித்தது. ப்ராஜெக்ட்டில் இதைக் கண்டிப்பாக எழுதுங்கள். போல்டர் சிட்டியின் அழகான நகரத் திட்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். ஊர் முளைத்ததற்குப் பின்னால் செத்துப்போன ஆட்களும் வெளியே நின்ற ஆட்களும் இருந்ததை விட்டுவிடுவார்கள்.

இடத் தேர்வு நல்ல பொறியியல். அணையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 அடி உயரத்தில் ஒரு மேட்டைப் பிடித்தார்கள். நம்ம ஏற்காட்டில் பாதி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆற்றுப் பள்ளத்தில் காற்றே அசையாது, மேலே காற்றாவது உண்டு. தண்ணீர்தான் சிக்கல். ஆற்றிலிருந்து ஏறத்தாழ 2,000 அடி செங்குத்தாக மேலேற்றி, வண்டல் நீக்கி, சுத்திகரித்துக் கொடுக்க வேண்டும். ஆண்டு முழுக்க 15 செ.மீ. மழை கூட வராத இடத்தில் இதைச் செய்தார்கள். நீரேற்றும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கு அது நல்ல பயிற்சி.

திட்டம் வரைந்தவர் டென்வரைச் சேர்ந்த சாக்கோ டிபோயர். மேட்டின் உச்சியில் அணையைக் கட்டிய மத்திய அரசு நீர்த்துறையின் அலுவலகம், அதிலிருந்து விசிறி போல விரியும் தெருக்கள், நடுவே கடைத்தெரு, பூங்கா, சுற்றிலும் பசுமை வளையம் என்று வரைந்தார். செலவைப் பார்த்து வளையத்தை வெட்டிவிட்டார்கள், தெருக்களையும் கொஞ்சம் நேராக்கினார்கள், இருந்தாலும் எலும்புக்கூடு இன்றும் அப்படியே இருக்கிறது, வரைபடத்தை மேலிருந்து பார்த்தால் முக்கோணம் பளிச்சென்று தெரியும். தெருக்களுக்குக் கொலராடோ தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏழு மாநிலங்களின் பெயர்: அரிசோனா, யூட்டா, வயோமிங் என்று. வீட்டுத் தெருக்களில் பலவற்றுக்கு வெறும் ஏ, பி, சி எழுத்துகள்தான்.

யார் எங்கே குடியிருப்பது என்பதையும் அந்தத் திட்டம் சொல்லிவிடும். உச்சியில் அலுவலகத்தை ஒட்டி அரசுப் பொறியாளர்களுக்குச் செங்கல் வீடுகள், புல்வெளியோடு. கீழே கிழக்குப் பக்கம் ஒப்பந்த நிறுவனத்தின் தொழிலாளிகளுக்கு மரப்பலகை வீடுகள், ஓரறை, ஈரறை, மூன்றறை, வரிசை வரிசையாக, ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. கல்யாணமாகாதவர்களுக்குப் பெரிய விடுதிகளும் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டுக் கூடமும். அந்தச் சின்ன வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. நான் வெளியிலிருந்து பார்த்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். தெருவிலிருந்து இரண்டே படி, முன்னால் ஒரு தாழ்வாரம், அதில் கொசுவலை அடித்த மறைப்பு, கோடையில் அங்கேதான் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்கள். வீட்டின் அகலம் நம்ம ஊர் லைன் வீட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். பின்னால் ஒரு அறை பிற்காலத்தில் சேர்த்தது, சுவர்ப் பலகையின் ஓட்டம் அங்கே மாறுவதால் தெரிகிறது. முன்னால் பெரிய மரம் ஒன்று நிழல் தருகிறது. பாலைவனத்தில் அவ்வளவு பெரிய மரம் தானாக வந்திருக்காது. 1930களின் தொடக்கத்தில் வில்பர் வீட் என்ற தோட்டக்கலைக்காரரை அரசு நியமித்து ஊர் முழுக்க மரமும் புல்லும் வைக்கச் சொன்னது. எவை பிழைக்கும், எவை கருகும் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். ஊர் தங்கிப்போனதற்கு அந்த மனிதரும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன், நிழல் இல்லாத இடத்தில் யாரும் தொடர்ந்து குடியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஊர் என்றாலும் சுதந்திரமான ஊர் இல்லை. முழுக்க மத்திய அரசு நிலம், வாசலில் காவல், அனுமதி இல்லாமல் உள்ளே வர முடியாது. தேர்தல் கிடையாது, சிம்ஸ் ஈலி என்ற வயதான அதிகாரிதான் எல்லாம். குடித்துவிட்டு வந்தால் வெளியே, சூதாடினால் வெளியே. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்ததும் அதே 1931இல்தான், அதனால் எல்லைக் கோட்டுக்கு வெளியே ரயில்ரோடு பாஸ் என்ற இடத்தில் உடனே சூதாட்ட விடுதி முளைத்தது, அது இன்றும் நடக்கிறது. கூலியில் ஒரு பகுதியைக் கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் டோக்கனாகக் கொடுத்தார்கள். பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 1933இல் அரசு தலையிட்டு அதை நிறுத்தியது.

எனக்கு ரொம்ப உறுத்துவது இதுதான். சீனர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். கறுப்பினத் தொழிலாளிகளை முதலில் எடுக்கவே இல்லை. லாஸ் வேகாஸில் இருந்த கறுப்பின மக்கள் சங்கம் போராடிய பிறகு 1932இல் சிலரைச் சேர்த்தார்கள், ஆயிரக்கணக்கான ஆட்களில் அவர்கள் ஒரு முப்பது பேர் அளவுதான். அவர்களுக்கும் போல்டர் சிட்டியில் குடியிருக்க இடமில்லை, தினமும் லாஸ் வேகாஸிலிருந்து பஸ்ஸில் வந்து போக வேண்டும், குடிதண்ணீர் வாளி கூடத் தனி. ஊரின் ஒழுங்கையும் சுத்தத்தையும் புகழ்ந்து எழுதும்போது இந்த ஒழுங்கு யாரை வெளியே வைத்துக் கிடைத்தது என்று சேர்த்தே எழுத வேண்டும். நம்ம பக்கம் குடியிருப்புகளில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் நமக்கும் பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அப்புறம் 1935, 36. வேலை முடிந்தது, உச்சத்தில் 5,000க்கு மேல் இருந்த வேலையாட்கள் கிளம்பிவிட்டார்கள். பல வீடுகளை விற்று, பெயர்த்து, வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். உங்கள் கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஊரை இழுத்து மூடியிருக்கலாம், அமெரிக்காவின் மேற்கில் சுரங்கம் தீர்ந்ததும் செத்த ஊர்கள் ஏராளம். இங்கே சில வேலைகள் தங்கின. நீர்த்துறை அலுவலகம் போகவில்லை. மின்நிலையத்தை இயக்க லாஸ் ஏஞ்சல்ஸ் மின்துறையும் தெற்குக் கலிஃபோர்னியா மின் நிறுவனமும் ஆட்களைக் குடிவைத்தன. மீட் ஏரியைச் சுற்றுலா இடமாக்கிய தேசியப் பூங்காத் துறை தன் அலுவலகத்தை இங்கே போட்டது. பிறகு இரண்டாம் உலகப் போர். ஹூவர் மின்சாரத்தை நம்பி ஹெண்டர்சனில் ஒரு பெரிய மக்னீசியம் ஆலை எழும்பியது, அதற்கு மூலப்பொருள் என்ன தெரியுமா, மேக்னசைட், நம்ம வெள்ளக்கல்பட்டிப் பக்கம் தோண்டுகிற அதே வெள்ளைக்கல். அங்கே அது கேப்ஸ் என்ற இடத்திலிருந்து வந்தது. ஆலை ஆட்கள் போல்டர் சிட்டியின் காலி வீடுகளில் குடிவந்தார்கள்.

இது வரைக்கும் மேட்டூர் கதையும் ஏறத்தாழ இதேதான். அணை முடிந்த கையோடு 1936இல் ரசாயன ஆலை, 1937இல் மின்நிலையம், 1960களில் அலுமினிய ஆலை, அதற்குச் சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட், 1987இல் அனல்மின் நிலையம். தண்ணீரும் மின்சாரமும் இருக்கும் இடத்துக்கு ஆலை வரும், ஆலையோடு ஜனம் வரும். சேலம் கேம்ப், சதுரங்காடி, மாதையன்குட்டை என்று அணை வேலையோடும் ஆலைகளோடும் சேர்ந்து நிரம்பிய இடங்களில்தான் இன்றைய மேட்டூர் இருக்கிறது.

பிரிந்து போவது இதற்குப் பிறகுதான். போல்டர் சிட்டியில் 1958 வரை நிலமும் பெரும்பாலான வீடுகளும் மத்திய அரசிடமே இருந்தன. அந்த ஆண்டு வந்த சட்டத்தின் மூலம் வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கு விற்க வழி செய்து, காலி நிலத்தை ஊருக்கே ஒப்படைக்க ஏற்பாடானது, 1960 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தோடு அது முறையான நகராட்சி ஆனது. அதாவது ஒரே நேரத்தில் குடியிருந்தவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனான், ஊர் தன் நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆனது. மக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சூதாட்டத் தடையைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். லாஸ் வேகாஸ் 40 கிலோமீட்டரில் இருக்க, நெவாடாவில் சூதாட்டம் இல்லாத ஊர் இன்றும் இது ஒன்றும் பனாக்கா என்ற இன்னொன்றும்தான். சாராயத்துக்கு மட்டும் 1969இல் அனுமதி கொடுத்தார்கள். 1979இல் ஒரு ஆண்டுக்கு 120 வீட்டுக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி போட்டார்கள். ஊர் நிலத்தில் ஒரு ஏக்கருக்கு மேல் விற்க வேண்டுமானால் மன்றம் மட்டும் முடிவு செய்ய முடியாது, மக்கள் வாக்களிக்க வேண்டும்.

வளராத ஊருக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். 1995இல் அவர்கள் தெற்கே எல்டொராடோ பள்ளத்தாக்கில் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் வெறும் பாலைவனத்தை வாங்கினார்கள். வீடு கட்ட இல்லை, மற்ற ஊர்கள் வந்து நெருக்காமல் இருக்க. பெரும்பகுதியைப் பாலைவன ஆமைகளுக்காக ஒதுக்கிவிட்டார்கள். மீதியில் ஒரு பகுதியைச் சூரிய மின்நிலையங்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 2007இல் முதலாவது வந்தது, 64 மெகாவாட், அதற்குப் பிறகு காப்பர் மவுண்டன் போன்ற பெரியவை வரிசையாக வந்தன. அணையிலிருந்து போகும் உயர் அழுத்த மின்தடங்கள் பக்கத்திலேயே இருந்தது அவர்களுக்குப் பெரிய வசதி. ஊரின் வரவில் இப்போது கணிசமான பங்கு அந்தக் குத்தகைப் பணம். மக்கள்தொகை 15,000 அளவிலேயே நிற்கிறது, பரப்பளவிலோ நெவாடாவின் மிகப் பெரிய நகராட்சி.

இதில் குறையும் இருக்கிறது. வீடு குறைவாகக் கட்டினால் விலை ஏறும், இளம் குடும்பங்கள் வர முடியாது, ஊரில் வயதானவர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். 2018இல் நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே திரும்பிவிட்டது, நெரிசல் குறைந்தது நல்லது, வழிப்போக்கர் வியாபாரத்தை நம்பியிருந்த கடைக்காரர்களுக்கு அது கவலை. ஆனாலும் கையில் நிலம் இருக்கும் ஊர் அவசரப்பட்டு எதையும் விற்க வேண்டியதில்லை. அந்த நிதானம் மேட்டூருக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். நம்ம குவார்ட்டர்ஸ்கள் ஒவ்வொரு துறையின் கையிலும் தனித்தனியாகவே இருந்தன, பொதுப்பணித்துறைக்கு ஒன்று, மின்வாரியத்துக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று. குடியிருந்தவர் ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சொந்தமில்லாத வீட்டின் ஓட்டை யார் மாற்றுவார்கள்? ஓடு சரிந்து, வேப்பமரம் உள்ளே வளர்ந்து கிடக்கும் குவார்ட்டர்ஸை இன்றும் பார்க்கலாம்.

ஒரு ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன். சேலத்துக்காரர்கள் ஜூன் வந்தால் "மேட்டூர்ல எத்தனை அடி?" என்று கேட்பது போல அங்கேயும் மீட் ஏரி மட்டத்தைத்தான் பேசுகிறார்கள். 2022 ஜூலையில் அது கடல் மட்டக் கணக்கில் 1,040 அடி அளவுக்கு இறங்கியது, நிரம்பினால் 1,229. நமக்குத் தண்ணீர் வடிந்தால் பண்ணவாடியில் நந்தியும் கோயிலும் வெளியே வருவது போல, அங்கே 1938இல் மூழ்கிய செயின்ட் தாமஸ் என்ற ஊரின் அடித்தளங்கள் வெளியே வந்திருக்கின்றன. அணைக்காக ஒரு ஊர் பிறந்தது, அணையால் இன்னொரு ஊர் போனது. இரண்டையும் ஒரே ப்ராஜெக்ட்டில் வையுங்கள்.

எப்படிச் செய்வது என்று கேட்டால், முதலில் போல்டர் சிட்டியின் பழைய வரைபடத்தை எடுத்து அலுவலகம், அதிகாரி வீடு, தொழிலாளி வீடு, கடைத்தெரு, பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி எங்கெங்கே என்று குறியுங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டூர் வாருங்கள், சேலம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பதினாறு கண் பாலத்தையும் பூங்காவையும் எல்லாரும் பார்க்கிறார்கள், நீங்கள் குவார்ட்டர்ஸ் தெருக்களில் நடந்து அதே விஷயங்களைக் குறியுங்கள். தெரு அகலம், வீட்டு முகப்பின் நீளம், மரத்துக்கு மரம் இடைவெளி, இந்த மூன்றையும் டேப் வைத்து அளந்தாலே போதும். அணை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், முதலில் எங்கே குடியிருந்தார், பிறகு வீடு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார்கள். காலையில் சீக்கிரம் வந்துவிடுங்கள் தம்பி, பத்து மணிக்கு மேல் வெயிலில் அளக்க முடியாது.